கோணேசர் கடலிலிருந்து விண்மீன் வரை

இரவு வேளையில் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பும்போது ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே ஓர் இரைச்சல் கேட்கும். நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. வானிலிருந்து வரும் அத்தகைய இரைச்சலுக்குள் பிறிதோர் உலகத்தவரின் குரல் கலந்திருக்குமோ என்று காத்திருந்து கேட்பவர்களும் உளர். அந்தத் தேடலில் உலகுக்கே ஆர்வமூட்டிய எழுத்தாளர் ஒருவர் நமது திருகோணமலைக் கடலில் மூழ்கி எழுந்தவர்.

உலகங்கள் பல என்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. திருவண்டப்பகுதியிலே மாணிக்கவாசகர், நூறு கோடிக்கும் மேற்பட்ட அண்டங்களை வீட்டினுள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் துகள்களுக்கு ஒப்பிட்டார். ஆனால், அங்கே யாரேனும் பேசினால் கருவி கொண்டு கேட்கலாம் என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டுக்கு உரியது. வானொலி அலைகளின் வழியே தேடலாம் என்றும், ஐதரசன் அணு வெளியிடும் 21 சென்ரிமீற்றர் அலைநீளம் அதற்கு உகந்தது என்றும் 1959இல் கொக்கோனி, மொறிசன் ஆகிய பௌதிகவியலாளர்கள் எழுதினர். மறு ஆண்டே அமெரிக்காவில் பிராங் டிரேக் இரண்டு விண்மீன்களை நோக்கிச் செவிமடுத்தார். எதுவும் கேட்கவில்லை. 1977 ஓகஸ்ட் 15ஆம் திகதி ஒஹையோவிலிருந்த தொலைநோக்கி 72 வினாடிகள் நீடித்த வலுவான சைகை ஒன்றைப் பதிவு செய்தது. அதைக் கண்டு தாளின் ஓரத்தில் வியப்பை எழுதிவைத்த ஜெரி ஏமன் ஊதியம் பெறாத தொண்டர். பின்னர் பலமுறை தேடியும் அந்தச் சைகை மீண்டும் கிடைக்கவில்லை.

நான் முதலிற் குறிப்பிட்ட எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தி உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் அவர். 1956இல் இலங்கையிற் குடியேறினார். அவரும் நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலையின் அடிவாரக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். 1957இல் வெளிவந்த நூலில் கிளார்க் இதனை விவரித்தார். கடலடியில் உடல் எடையற்று மிதப்பது விண்வெளி அனுபவத்துக்கு நெருக்கமானது என்பது அவர் கருத்து. கடலுக்குள்ளே தொலைந்ததைத் தேடிய மனம்தான் வானத்திலும் தேடியது.

தேடலுக்குச் சாதாரண மக்களும் தோள் கொடுக்கும் காலம் 1999 மே 17இல் பிறந்தது. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம் 'செற்றி அற் ஹோம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அரேசிபோவின் 305 மீற்றர் அகன்ற தொலைநோக்கி பதிவு செய்த இரைச்சலை 107 வினாடித் துண்டுகளாக்கி, இணையம் வழியே வீட்டுக் கணனிகளுக்கு அனுப்பினர். இயற்கையின் ஒலி பல அலைவரிசைகளில் பரந்திருக்கும். ஒரே அலைவரிசையில் ஒடுங்கி நிற்பது செயற்கையாக இருக்கலாம். அதைத்தான் கணனிகள் தேடின. 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் இதிற் பங்குகொண்டனர்.

அவர்களுள் அடியேனும் ஒருவன். இலக்கணம் கற்பிப்பவனுக்கு இது எதற்கு என்று நண்பர்கள் நகைத்தனர். "சேர், ஏதும் கேட்டதா?" என்று மாணவர் வினவுவர். "இன்னும் இல்லை" என்பதே என் விடை. ஆயினும், இந்தத் துண்டிலே எதுவும் இல்லை என்று அறிவதும் ஓர் அறிவுதான். வயலிலே ஒரு வரம்பைத் தேடி முடித்தவன் அடுத்த வரம்புக்குப் போகலாமல்லவா? 2020 மார்ச் 31ஆம் திகதி, ஊரடங்கு நாளொன்றில், புதிய துண்டுகள் வழங்குவது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பர் முதலாம் திகதி அரேசிபோ தொலைநோக்கியும் இடிந்து வீழ்ந்தது. அதுவரை உறுதியான குரல் எதுவும் கிடைக்கவில்லை.

2007 டிசெம்பரில் தமது 90ஆவது பிறந்தநாளையொட்டிக் கிளார்க் மூன்று விருப்பங்களைத் தெரிவித்தார். வேற்றுலக உயிர்களுக்குச் சான்று கிடைக்கவேண்டும். உலகம் எண்ணெயில் தங்கியிருப்பதை விட்டுத் தூய சக்திக்கு மாறவேண்டும். இலங்கையில் நிலையான சமாதானம் மலரவேண்டும். அந்நாட்களில் எங்கள் கிளிவெட்டியிலே, சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் தற்காலிகக் கொட்டில்களில் வாழ்ந்துகொண்டிருந்தனர். 2008 மார்ச் 19இல் கிளார்க் மறைந்தார். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. சம்பூர் மக்கள் தம் மண்ணுக்குத் திரும்பத் தொடங்க 2015 ஆயிற்று.

விண்மீன்களின் மௌனத்தை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுமையோடு கேட்கும் மனிதன், அயலவனின் துயரத்தைக் கேட்க ஏன் இத்துணை தாமதிக்கிறான் என்பதே என் மனத்தை உறுத்தும் வினா. தொலைவிலுள்ளோரின் குரலுக்கு 305 மீற்றர் தொலைநோக்கி வேண்டியிருந்தது. பக்கத்து ஊராரின் குரலுக்கு அது தேவையில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை நாம் இருந்து கேட்டாற் போதும்.