உப்பு நடந்த வழி

முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு அயல்நாட்டு மலைகளில் விடுமுறையைக் கழிப்பது மேலைநாட்டு இளைஞர்கள் கண்டுபிடித்த பழக்கம் என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றோரப் பாதையின் வரலாறு அவ்வெண்ணத்தை அசைத்துவிடுகிறது. ஒரு பக்கம் 8,167 மீட்டர் தவளகிரி, மறுபக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா, இடையே ஆறு அறுத்துச் சென்ற பள்ளத்தாக்கு. அன்னபூர்ணாவைச் சுற்றி நடப்போர் இறங்கிவரும் இவ்வழி, பல நூற்றாண்டுகள் உப்பு வழியாக இருந்தது.

திபெத்திய மேட்டுநிலத்து ஏரிகளில் விளைந்த உப்பு விலங்குகளின் முதுகிலும் மனிதர் முதுகிலும் தெற்கே இறங்கியது. கீழ்நாட்டுத் தானியம் வடக்கே ஏறியது. உமணர் கடற்கரை உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குச் சென்றதை வகுப்பில் நடத்திப் பழகிய நமக்கு, உப்பு மலையிலிருந்து இறங்குவது தலைகீழாகத் தோன்றும். உமணர் குடும்பத்தோடு ஊர் ஊராகப் பெயர்ந்தவர்கள். இங்கோ தாக்காலியர் என்னும் இனத்தார் வழியிலேயே ஊன்றிக்கொண்டு, துகுசே என்னும் ஊரில் பண்டகசாலைகள் கட்டி இரு பக்க வணிகத்தையும் தம் கைக்குள் வைத்திருந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ராணா ஆட்சியாளர்கள் உப்புச் சுங்கக் குத்தகையையும் அவர்களிடமே அளித்தனர். வழிநெடுக அவர்கள் நடத்திய விடுதிகளுக்குப் 'பட்டி' என்று பெயர். (நம் ஊர்ப்பெயர்களில் வரும் பட்டியோடு இதற்கு உறவு கற்பிக்க வேண்டியதில்லை, ஆர்வலர்கள் பொறுத்தருள்க.) அங்கே சோற்றுக்கும் பருப்புக்கும்தான் காசு, உண்டவர் படுத்துறங்க இடம் தனியே விலை பேசப்படுவதில்லை.

இப்பாதையில் நடந்த அயலாருள் நம் மனத்தை அதிகம் ஈர்ப்பவர் எகாய் கவாகுச்சி என்னும் ஜப்பானியத் துறவி. திபெத் அயலாருக்குக் கதவடைத்திருந்த காலம் அது. பௌத்த நூல்களைத் தேடி 1899-இல் இப்பள்ளத்தாக்கிற்கு வந்த அவர், மேலே முஸ்தாங்கிலும் பின்னர் மார்பா என்ற சிற்றூரிலும் காத்திருந்து, 1900-இல் மாறுவேடத்தில் எல்லையைக் கடந்தார். அவருடைய பயண நூலின் ஆங்கில வடிவம் 1909-இல் நம் சென்னை அடையாற்றிலிருந்து, பிரம்மஞான சபையார் முயற்சியால் வெளிவந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்? இமயத்தின் நடைவரலாற்றில் அடையாற்று அச்சகத்துக்கும் ஓர் ஓரம் உண்டு.

1950-இல் மொரிஸ் எர்சாக் தலைமையிலான பிரெஞ்சுக் குழு துகுசேயில் தங்கித்தான் மலைக்கு வழி தேடியது. அவ்வாண்டு ஜூன் 3 அன்று அன்னபூர்ணாவின் உச்சியை அடைந்தது. அடுத்த ஆண்டு ராணா ஆட்சி வீழ்ந்தது. நேபாளம் அயலாருக்குத் திறந்தது. 1964-இல் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற கூர்க்காப் படை அதிகாரி, மலைநடையை விலைக்கு ஏற்பாடு செய்து தரும் முதல் நிறுவனத்தைக் காத்மாண்டுவில் தொடங்கினார். கூடாரம், சமையற்காரர், சுமைக்காரர் வரிசை என்ற அவரது ஏற்பாடு படையெடுப்பின் அமைப்பையே ஒத்திருந்தது. கைக்காசு குறைந்த இளைஞர்கள் அவ்வழி செல்லவில்லை. 1959-க்குப் பின் திபெத்திய வணிகம் நலிந்து வெறிச்சோடிக் கிடந்த பட்டிகளில் அவர்கள் தங்கினர். 1972-இல் ஸ்டீபன் பெஸ்ருச்கா என்ற மருத்துவர் எழுதிய வழிகாட்டி நூல் அவர்களுக்கு ஆற்றுப்படையாயிற்று. எல்லைப்புறத்தில் இயங்கிவந்த திபெத்தியக் கம்பா போராளிகளின் படை 1974-இல் கலைக்கப்பட்டது. 1977-இல் மனாங் பகுதி திறக்கப்பட, 5,416 மீட்டர் தோரோங் கணவாய் வழியே முழுச் சுற்றும் நடக்கக் கூடியதாயிற்று.

இவ்வரலாற்றை எழுதுவோர் பைக்காரர்களைப் பற்றியே எழுதுகிறார்கள் என்பது நம் குறை. ஒரு பூசை விடுமுறையில் நாங்கள் மூவர் இவ்வழி நடந்தபோது எங்கள் பைகள் ஆளுக்குப் பத்துக் கிலோவைத் தாண்டவில்லை. அதற்கே ஏற்றங்களில் தெய்வங்களை அழைத்தோம். எங்களைக் கடந்து சென்றவர்கள் 'டோகோ' என்னும் கூம்புக் கூடையை, நெற்றியில் பதியும் 'நாம்லோ' பட்டையால் தாங்கிச் சென்றனர். எவரெஸ்ட் பகுதியின் நாம்சே சந்தைக்குச் சரக்குச் சுமப்போரைப் பற்றி 2005-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் பத்தில் ஒன்பது பங்கைச் சுமப்பதாகக் கண்டது. சிலர் தம் எடையைவிட மிகுதியாகவும் சுமந்தனர்.

2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரைகடந்த ஹூட்ஹூட் புயலின் எச்சம் இமயத்தை எட்டியபோது, தோரோங் கணவாயிலும் அண்டைப் பகுதிகளிலும் பனிப்புயலில் குறைந்தது 43 பேர் மாண்டனர். அயல்நாட்டுப் பயணிகளோடு நேபாள வழிகாட்டிகளும் சுமைக்காரர்களும் யாக் மேய்ப்பரும் அவர்களுள் அடக்கம். 2023 ஏப்ரலில், வழிகாட்டி இன்றி அயலார் இத்தகைய பாதைகளில் நடக்கலாகாது என்று நேபாளம் விதித்தது. தனிநடைப் பிரியர்கள் சுதந்திரம் பறிபோனதாக வருந்தினர். அவர்களுடைய வருத்தம் நமக்கும் புரிகிறது. ஆயினும், துணையின்றி நடந்தோம் என்று சொல்லிக்கொண்டவர்கள் தின்ற அரிசியும் யாரோ ஒருவர் நெற்றியில் ஏறி வந்ததுதானே?

இப்போது ஜோம்சோம் வரைக்கும் அதற்கு மேலும் சாலை வந்துவிட்டது. பழைய நடைபாதை புழுதி படிந்துவிட்டதென்று வழிகாட்டி நூல்கள் அங்கலாய்க்கின்றன. மார்பாவின் ஆப்பிள்களோ லாரியில் இறங்குகின்றன.