ஸ்டூடிபேக்கர் கத்தவைச் சாத்தின கதை

பென்ஷன்னு பேச்சு வந்தா, "யாரோ காசை அடிச்சுட்டாங்க"ன்னு ஒரு கதைதான் எல்லாரும் எதிர்பார்ப்பாங்க. அமெரிக்காவோட பென்ஷன் சட்டத்தையே மாத்தி எழுத வெச்ச சம்பவத்துல யாரும் ஒரு பைசா திருடலை. எல்லாம் ஒப்பந்தப்படிதான் நடந்தது. என்னை ரொம்ப நாளா உறுத்துறதே அதுதான்.

இண்டியானா மாநிலத்துல சவுத் பெண்ட்னு ஒரு ஊர். 1852-ல அங்கே ஸ்டூடிபேக்கர் சகோதரர்கள் கொல்லுப்பட்டறை போட்டு வண்டி செய்ய ஆரம்பிச்சாங்க. குதிரை வண்டி காலம் போய் கார் வந்ததும் கார் செஞ்சாங்க. ஊர்ல பாதிக் குடும்பம் அந்த கம்பெனியை நம்பித்தான். ஆனா ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ரெண்டோட மோதித் தாக்குப்பிடிக்க முடியலை. 1963 டிசம்பர்ல, கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னாடி, அந்த ஊர்த் தொழிற்சாலையை மூடிட்டாங்க.

அடுத்த வருஷம் பென்ஷன் திட்டத்துக்குக் கணக்குப் பார்த்தாங்க. அதுல சுமார் 10,500 பேர் இருந்தாங்க. அவங்களை மூணாப் பிரிச்சாங்க:

1. ஏற்கெனவே ஓய்வு பெற்றவங்க, 60 வயசு ஆகி 10 வருஷ சர்வீஸ் உள்ளவங்க - சுமார் 3,600 பேர். இவங்களுக்கு முழு பென்ஷன்.
2. 40 முதல் 59 வயசு, 10 வருஷ சர்வீஸ் - 4,000 பேருக்கு மேல. சேர வேண்டியதுல டாலருக்கு 15 சென்ட், அதுவும் ஒரே தடவையா.
3. மிச்சம் சுமார் 2,900 பேர். பட்டை நாமம்.

ரெண்டாவது வரிசையைக் கொஞ்சம் நின்னு பாருங்க. அவங்க சராசரி வயசு 52, சராசரி சர்வீஸ் 23 வருஷம். கைக்கு வந்தது சராசரியா 600 டாலர் அளவுல. 61 வயசுக்காரருக்கு சாகுறவரை பென்ஷன். பக்கத்து மெஷின்ல நின்ன 59 வயசுக்காரருக்கு, அவரை விட சர்வீஸ் அதிகமா இருந்தாலும், 15 சென்ட் கணக்குதான்!

காசு எங்கே போச்சு? எங்கேயும் போகலை, அது மொதல்லயே இல்லை. திட்டம் 1950-ல ஆரம்பிச்சப்போ, அதுக்கு முன்னாடி உழைச்ச வருஷங்களையும் சேர்த்துக்கறோம்னு சொன்னாங்க. நியாயம்தான். ஆனா அந்தப் பழைய வருஷங்களுக்கு யாரும் பணம் கட்டியிருக்கலை. அந்தக் கடனை 30 வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா அடைக்கிறதா ஏற்பாடு. நடுவுல பென்ஷன் தொகையைக் கூட்டினப்போ எல்லாம் கடனும் கூடுச்சு. 14-ஆவது வருஷம் கடையைச் சாத்தியாச்சு. நிதியில உள்ளது மட்டும்தான் தரணும், கம்பெனி கைக்காசு போட வேண்டியதில்லைன்னு ஒப்பந்தம். முடிஞ்சது கதை.

அதே 1964-ல இண்டியானா செனட்டர் வான்ஸ் ஹார்ட்கி, வங்கி டெபாசிட் மாதிரி பென்ஷனுக்கும் இன்சூரன்ஸ் வேணும்னு மசோதா கொண்டு வந்தார். நகரலை. 1967-லிருந்து நியூயார்க் செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் விடாம மல்லுக்கட்டினார். 1972-ல என்.பி.சி. டிவி, பென்ஷன் கிடைக்காம ஏமாந்தவங்களை ஒரு மணி நேரம் பேச வெச்சது. கடைசியா 1974 செப்டம்பர் 2, அங்கே தொழிலாளர் தினத்தன்னிக்கு, ஜனாதிபதி ஃபோர்டு 'எரிசா' சட்டத்துல கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷம் உழைச்சா பென்ஷன் உரிமையைப் பறிக்க முடியாது, நிதியில பணத்தை ஒழுங்கா வைக்கணும், கம்பெனி திவாலானா அரசோட உத்தரவாதக் கழகம் ஒரு வரம்பு வரைக்கும் தரும். அதுக்குக் கம்பெனி கட்ட வேண்டிய ஆரம்பப் பிரீமியம் ஒரு ஆளுக்கு வருஷம் ஒரு டாலர். ஸ்டூடிபேக்கர் ஆட்களுக்கு இதுல ஒண்ணும் கிடைக்கலை. அவங்க கதை பத்து வருஷம் முன்னாடியே முடிஞ்சு போச்சே.

வீணாப் போன சட்டம்னு சொல்ல மாட்டேன். 2002-ல பெத்லஹேம் ஸ்டீல், 2005-ல யுனைட்டட் ஏர்லைன்ஸ் கைவிட்ட பென்ஷன்களை அந்தக் கழகம்தான் தாங்குச்சு. வரம்புக்கு மேல இருந்தவங்களுக்கு வெட்டு விழுந்தது, ஆனா 15 சென்ட் கதை திரும்பலை.

ஆனா முதலாளிங்க வேற கணக்குப் போட்டாங்க. வாக்குக் கொடுத்தாத்தானே காப்பாத்தணும்? 1978-ல வரிச் சட்டத்துல 401(கே)ன்னு ஒரு பிரிவு சேர்ந்துச்சு. நம்மூர் பி.எஃப். மாதிரி தனித்தனிக் கணக்கு, ஆனா வட்டிக்கு உத்தரவாதம் கிடையாது. எண்பதுகள்லேர்ந்து கம்பெனிகள் வரிசையா இதுக்குத் தாவிடுச்சு. பங்குச்சந்தை விழுந்தாலும், 95 வயசு வரை உயிரோட இருந்தாலும், அது உங்க பாடு. 2001-ல என்ரான் கவிழ்ந்தப்போ, அந்தக் கணக்குல கம்பெனிப் பங்கையே வெச்சிருந்த ஊழியர்கள் வேலையையும் சேமிப்பையும் சேர்த்தே இழந்தாங்க.

ரெண்டு ஏற்பாட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா எனக்குத் தோணுறது இதுதான். 1963-ல வாக்கு இருந்துச்சு, பின்னாடி பணம் இல்லை. இப்போ பணம் இருக்கு, கடைசி வரை வரும்னு சொல்ல ஆள் இல்லை. அந்த 52 வயசுக்காரர் கேட்டது ரெண்டையும் சேர்த்துத்தான். பெரிசா ஒண்ணும் கேட்டுடலையே?