பெத்லம் மருத்துவமனை

இலண்டனில் 1247இல் தோன்றி இன்றும் இயங்கிவரும் மனநல மருத்துவமனை. ஐரோப்பாவின் மிகப் பழைய மனநல நிலையங்களுள் ஒன்று. மக்கள் வாயில் ‘பெட்லம்’ எனத் திரிந்த இதன் பெயர், ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது.

தொடக்கம்

பிஷப்ஸ்கேட் வாயிலுக்கு வெளியே கிறித்தவத் துறவிமடமாகத் தொடங்கியது. 1403இல் நடந்த விசாரணையின்போது அங்கே புத்தி பேதலித்த ஆண்கள் ஆறு பேர் இருந்தனர். அக்காலப் பொருள் பட்டியலில் கைவிலங்கு, சங்கிலி, பூட்டு, தொழுமரம் ஆகியவை இடம்பெற்றன. 1547இல் நிர்வாகம் இலண்டன் மாநகரின் கைக்கு வந்தது.

மூர்ஃபீல்ட்ஸ் காலம்

1676இல் மூர்ஃபீல்ட்ஸில் ராபர்ட் ஹூக் வடிவமைத்த புதுக் கட்டடத்துக்கு மருத்துவமனை மாறியது. வெளியே பார்க்க அரண்மனை. வாயிலின் மேல் கேயஸ் சிப்பர் செதுக்கிய இரு சிலைகள் கிடந்த கோலத்தில் இருந்தன: ஒன்று சோர்ந்த பித்து, மற்றொன்று விலங்கு பூட்டிய வெறிப்பித்து. நோயாளிகளை வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. வந்தவர்கள் உண்டியலில் காசு போட்டார்கள். 1770இல் இந்தத் தாராள அனுமதி நிறுத்தப்பட்டது.

1728 முதல் மன்ரோ குடும்பத்தார் நான்கு தலைமுறை இங்கு மருத்துவர்களாக இருந்தனர். கோடை தொடங்கும்போது நோயாளிகளுக்கு இரத்தம் வடிப்பது, பிறகு வாரந்தோறும் வாந்தி மருந்து, அதன்பின் பேதி மருந்து: இதுவே வைத்திய முறை. இது தம் தந்தை வழியாக வந்த வழக்கம் என்று தாமஸ் மன்ரோ பின்னாளில் நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சியம் சொன்னார்.

நாரிஸ் விவகாரம்

வேடிக்கைக் கூட்டம் நின்றதோடு வெளியார் கண்ணும் விலகிற்று. 1814இல் சீர்திருத்தவாதி எட்வர்ட் வேக்ஃபீல்ட் உள்ளே சென்றபோது, நாரிஸ் என்ற நோயாளி பத்தாண்டுகளாகக் கட்டுண்டிருப்பதைக் கண்டார். கழுத்தில் இரும்பு வளையம். அதிலிருந்து ஒரு குறுஞ்சங்கிலி சுவரோரக் கம்பத்துக்கு ஓடியது. உடலைச் சுற்றிய இரும்புப் பட்டை இரு கைகளையும் விலாவோடு இறுக்கியிருந்தது. அந்த நிலையிலும் அவர் செய்தித்தாள் படித்தார், நாட்டு நடப்பைத் தெளிவாகப் பேசினார். அவரது படம் அச்சாகிப் பரவியது. 1815இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. மறு ஆண்டே தாமஸ் மன்ரோ பதவி விலகினார்.

சீர்திருத்தம்

1796இல் யார்க் நகரில் வில்லியம் டியூக் திறந்த மனநல இல்லம், அன்பான நடத்தையும் அன்றாட வேலையும் மருந்தாகும் என்று காட்டியது. 1839இல் ஹான்வெல் மனநல விடுதியில் ஜான் கொனொலி கட்டுக் கருவிகளையே ஒழித்தார். பெத்லம் பின்தங்கியது. 1815இல் சவுத்வார்க்குக்கு இடம் மாறியும் பழைய போக்கு முற்றும் போகவில்லை. மற்ற விடுதிகளைச் சோதித்த அரசு ஆணையர்களின் பார்வைக்கு இது 1853இல்தான் முழுமையாக உட்பட்டது. அக்காலத்தில் பொறுப்பேற்ற சார்லஸ் ஹூட், கூடங்களில் ஓவியங்களையும் செடிகளையும் பறவைக் கூண்டுகளையும் வைத்தார்.

இன்றைய நிலை

1930இல் பெக்கனம் பகுதியின் திறந்த வெளிக்கு மாறியது. 1948இல் மாட்ஸ்லி மருத்துவமனையுடன் இணைந்தது. சவுத்வார்க் கட்டடத்தில் இப்போது போர் அருங்காட்சியகம் உள்ளது. சிப்பரின் சிலைகள் மருத்துவமனை வளாக அருங்காட்சியகத்தின் நுழைவில் உள்ளன. பார்வையாளர்கள் மீண்டும் வருகிறார்கள்; அவர்கள் பார்ப்பது நோயாளிகளை அல்ல, நோயாளிகளைச் சமூகம் நடத்திய விதத்தை.