நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கு ஏற்படும் அரிய கண் தொற்றுகள்

தறியில் அமர்ந்து பட்டிழையையும் சரிகையையும் நோக்கி உழைக்கும் காஞ்சிபுரம் நெசவாளர்கள், பார்வை மங்கினால் அதனை வேலைக் களைப்பு என்றோ வெள்ளெழுத்து என்றோ கருதுவது இயல்பு. ஆனால், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் அவ்வாறு காத்திருந்தால் பார்வையை, சில வேளைகளில் உயிரையே இழக்க நேரிடும்.

யாருக்கு ஆபத்து?

• கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு நோய் உள்ளவர்கள்
• எச்.ஐ.வி. தொற்று அல்லது இரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள்
• கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டோர்
• நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர்

கருப்புப் பூஞ்சை நோய் (மியூகோர்மைகோசிஸ்)

மண்ணிலும் மட்கும் பொருள்களிலும் உள்ள பூஞ்சை, மூச்சுக்காற்றுடன் மூக்கினுள் நுழைகிறது. அது இரத்தக் குழாய்களை அடைத்துத் திசுக்களை அழித்து, சில நாள்களிலேயே கண்குழிக்கும் மூளைக்கும் பரவக்கூடும். கோவிட் பரவலின்போது பலரைத் தாக்கிய இந்நோயை, அறிவிக்கப்பட வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2021 மே மாதத்தில் அறிவித்தது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

அறிகுறிகள்: முகத்தின் ஒரு பக்கத்தில் வலி அல்லது மரத்துப்போதல், இமை வீக்கம், கண் பிதுங்குதல், இரட்டைப் பார்வை, மூக்கிலிருந்து கருநிறக் கசிவு, மேலண்ணத்தில் கருமை.

சைட்டோமெகலோ வைரஸ் விழித்திரை அழற்சி

பெரும்பாலோர் உடலில் தீங்கின்றி உறங்கும் இவ்வைரஸ், எதிர்ப்பாற்றல் மிகவும் குறையும்போது விழித்திரையைத் தாக்குகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு சி.டி.4 எண்ணிக்கை 50க்குக் கீழ் குறையும்போது ஆபத்து மிகுதி. பெரும்பாலும் வலியோ சிவப்போ இராது. கண்முன் புள்ளிகள் மிதத்தல், ஒளிக்கீற்றுகள் தோன்றுதல், பார்வையின் ஒரு பகுதி மறைதல் ஆகியவையே அடையாளங்கள். அழிந்த விழித்திரை மீண்டும் வளராது. சிகிச்சையால் எஞ்சிய பார்வையைக் காக்க இயலும்.

என்ன செய்ய வேண்டும்?

• அறிகுறி தோன்றிய அன்றே அரசு மருத்துவமனையின் கண் பிரிவை அணுகுங்கள். முக வீக்கமோ திடீர்ப் பார்வை இழப்போ ஏற்பட்டால் 108ஐ அழையுங்கள்.
• உங்களுக்குள்ள நோய்களையும் உட்கொள்ளும் மருந்துகளையும் மறைக்காமல் கூறுங்கள்.
• காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனையிலோ ஏ.ஆர்.டி. மையத்திலோ சிகிச்சை பெறுபவரானால், அங்குள்ள மருத்துவரிடமும் தெரிவியுங்கள்.
• கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்திட்டுப் பரிசோதிப்பர். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி இடாதீர்கள். அது தொற்றைத் தீவிரமாக்கலாம். தாய்ப்பால், எண்ணெய் போன்றவற்றையும் கண்ணில் விடாதீர்கள். மருத்துவர் அளித்த ஸ்டீராய்டு, ஏ.ஆர்.டி. மருந்துகளை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருங்கள்.