சிவப்புப் பொட்டு அழிந்த கதை

அன்புவழிபுரத்தில் குடியிருப்போருக்கு விமான இரைச்சல் புதிதன்று. சீனக்குடாவில் வான்படையின் பயிற்சிக் கழகம் இருக்கிறது. அண்ணாந்து பார்ப்போர் விமானத்தின் நிறத்தைக் காண்பர். அந்த நிறம் என்ன வேலை செய்கிறது என்று எண்ணுவோர் குறைவு. நானும் நெடுங்காலம் அதை வெறும் அலங்காரமென்றே நினைத்திருந்தேன்.

தொடக்கக் கால விமானம் என்பது மரச்சட்டமும் துணியுந்தான். 1910 இல் சென்னையில் விடுதி நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், தாமே திட்டமிட்ட விமானத்தைக் குதிரை வண்டி கட்டும் சிம்சன் பட்டறையில் செய்வித்து, தீவுத்திடலில் மக்கள் முன் பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழாண்டுகூட ஆகாத காலம் அது. இறக்கைத் துணி தொய்ந்தால் விமானம் சரியாக எழாது. அதற்குத் தீர்வாக வந்தது ‘டோப்’ என்னும் பூச்சு. செல்லுலோசிலிருந்து செய்த இத்திரவம் உலரும்போது துணி சுருங்கி, மத்தளத் தோல்போல இறுகும். நிறம் அதன் மேலேதான்.

இன்றும் வீட்டில் விமானம் கட்டுவோர் கடைசியாகக் கற்பது இந்த வேலையை. விசிறு துப்பாக்கியை ஒரு சாண் தூரத்தில், கை வளையாமல், பரப்புக்கு இணையாக நகர்த்த வேண்டும். நெருங்கினால் வழியும்; விலகினால் வழியிலேயே உலர்ந்து பொடியாக ஒட்டும். ஈரக்காற்றில் டோப் பூசினால் வெள்ளை பூத்துவிடும்; கரைப்பான் ஆவியாகையில் பரப்புக் குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதே காரணம். திருகோணமலை போன்ற கடலோர ஊரில் இது சிறு தொல்லையன்று. எல்லாவற்றிலும் பொல்லாதது பாரம். வால் சுக்கானில் பூச்சுத் தடித்துச் சமநிலை கெட்டால், வேகத்தில் அது படபடவென்று அதிர்ந்து விமானத்தையே உடைத்துவிடக்கூடும். ஆகவே பூசிய பின் மீண்டும் எடைச் சமநிலை பார்ப்பர்.

1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடாவிலிருந்து எதிர்த்தெழுந்த ஹரிக்கேன்களும் பாதி துணி விமானங்களே. அவற்றின் பின்னுடலைப் போர்த்தியிருந்தது டோப் பூசிய துணி. பிரித்தானிய அடையாள வட்டத்தின் நடுவே சிவப்புப் பொட்டு. யப்பானியரின் அடையாளமோ முழுச் சிவப்பு வட்டம். கண்ணிமைக்கும் நேரத்தில் சுடுவதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய விமானிக்கும், தரையிலிருந்து பீரங்கி பிடித்தவனுக்கும், சிவப்புத் தெரிந்தாலே பகைவன்தான். அமெரிக்கர் 1942 மே மாதத்திலேயே தம் நட்சத்திரத்தின் சிவப்பை நீக்கிவிட்டனர். இந்திய, இலங்கைப் பகுதியில் பிரித்தானியர் அதைச் செய்தது 1943 இல். வட்டத்தில் நீலமும் வெள்ளையும் எஞ்சின. பின்பு வெள்ளையும் போய், வெளிர்நீலம் அவ்விடத்துக்கு வந்தது. ஓராண்டுத் தாமதம்! ஒரு பொட்டை அழிக்கக்கூட மேலிடத்து ஆணை வரவேண்டும் போலும்.

சீனக்குடாச் சண்டை பற்றிய நூல்களில் விமானிகளின் பெயர்கள் உண்டு. படைப்பிரிவு எண்களும் உண்டு. தூரிகையோடும் துப்பாக்கியோடும் நின்று அந்தச் சிவப்பை மறைத்தவர் ஒருவரின் பெயரையும் நான் இதுவரை படித்ததில்லை.