உளவியல்: தீர்ப்பிலிருந்து காரணத்துக்கு

உளவியல் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் மனத்தில் இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. அது பைத்தியத்துக்கான வைத்தியம் என்பது ஒன்று. முகத்தைப் பார்த்தே உள்ளத்தில் இருப்பதைச் சொல்லிவிடும் வித்தை என்பது மற்றொன்று. உண்மையில் உளவியல் இவ்விரண்டும் அன்று. மனிதர் எப்படி நடந்துகொள்கிறார், அந்த நடத்தைக்குப் பின்னால் என்ன சிந்தனை, என்ன உணர்ச்சி, என்ன உடல் இயக்கம் இருக்கிறது என்பதை முறையாகச் சோதித்து அறியும் அறிவியல் அது.

ஒருவருடைய நடத்தை வழக்கத்துக்கு மாறாகப் போனால் சுற்றியிருப்பவர்கள் உடனே ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். படிக்காத பிள்ளை சோம்பேறி. பேசாத மருமகள் திமிர் பிடித்தவள். தனியே பேசுகிறவர் பேய் பிடித்தவர். உளவியலோ 'இதற்குக் காரணம் என்ன?' என்று கேட்கிறது. அந்தக் கேள்வி பிறந்து வளர்ந்த கதையே உளவியலின் வரலாறு. அந்தக் கேள்வியை மறந்து அறிவியலே தீர்ப்புச் சொன்ன காலங்களும் அதில் உண்டு.

ஆய்வுக்கூடத்துக்கு வந்த மனம்

மனம் என்றால் என்ன என்று தத்துவ ஞானிகள் பல நூற்றாண்டுகள் விவாதித்தார்கள். ஆனால் விவாதத்தால் மட்டும் விடை கிடைக்கவில்லை. 1879ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் உளவியலுக்கென ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். உளவியல் தனித் துறையாகப் பிறந்த ஆண்டு அதுவே என்று பாடநூல்கள் கூறுகின்றன. ஓர் ஒலியைக் கேட்ட மனிதர் அதற்கேற்பக் கையை அசைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பது போன்றவற்றை அங்கே கருவிகள் கொண்டு அளந்தார்கள். ஓர் அனுபவத்தின்போது தம் மனத்தில் நடப்பதைத் தாமே கவனித்துச் சொல்லும் 'அகநோக்கு' முறையையும் பயன்படுத்தினார்கள்.

வுண்டின் மாணவரான டிச்சனர் இதை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். மனத்தை அதன் அடிப்படைக் கூறுகளாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பது அவர் கொள்கை. வில்லியம் ஜேம்ஸ் இதற்கு மாறாகச் சிந்தித்தார். மனம் எவற்றால் ஆனது என்பதைவிட, அது மனிதன் வாழ எப்படி உதவுகிறது என்பதே முக்கியம் என்றார். 12 ஆண்டு உழைப்பில் அவர் எழுதிய பெருநூல் 1890இல் வெளிவந்தது.

அகநோக்கு முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க வழியில்லை. பின்னர் வந்த பல அணுகுமுறைகள் இந்தச் சிக்கலுக்கு விடை தேடிப் புறப்பட்டவையே.

மூளை சொன்ன சாட்சி

இதற்கிடையே மருத்துவர்கள் வேறொரு வழியில் மனத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், இரயில் பாதை அமைக்கும் பணியில் பாறையைத் தகர்க்க வெடிமருந்து நிரப்பினார்கள். அது எதிர்பாராமல் வெடித்தது. ஒரு மீட்டருக்கும் நீளமான, சுமார் 6 கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி, ஃபினியஸ் கேஜ் என்ற 25 வயது மேற்பார்வையாளரின் இடது கன்னத்தில் நுழைந்து தலையின் உச்சி வழியாக வெளியேறியது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் பொறுப்பும் நிதானமும் கொண்டிருந்த மனிதர் பொறுமையற்றவராக, முடிவெடுக்கத் தடுமாறுகிறவராக மாறிவிட்டார் என்று அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஹார்லோ பதிவு செய்தார். குணம் என்று நாம் சொல்வதற்கும் மூளையின் முன்பகுதிக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அது சாட்சியாயிற்று. கேஜின் கதை அத்துடன் முடியவில்லை. பின்னர் அவர் சிலி நாட்டுக்குச் சென்று பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். காயம்பட்ட மூளையும் ஓரளவு மீண்டு வரும் என்பதற்கு அதுவே சான்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

1861இல் பாரிஸ் அருகே இருந்த ஒரு மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி இறந்தார். பிறர் பேசுவது அவருக்குப் புரிந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது 'டான்' என்ற ஓரசை மட்டுமே. மருத்துவர் பால் புரோக்கா அவருடைய மூளையைப் பரிசோதித்தபோது, இடது முன்மடலின் ஒரு பகுதி சிதைந்திருந்தது தெரிந்தது. பேச்சை உருவாக்க உதவும் அந்தப் பகுதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1874இல் கார்ல் வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் மற்றொரு பகுதியைச் சுட்டிக்காட்டினார்.

பெரியவர் ஒருவரின் மூளை சுமார் 1.3 முதல் 1.4 கிலோ எடை கொண்டது. உடல் எடையில் 2 விழுக்காடே இருந்தாலும், ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை மின்துடிப்பாலும் வேதிப்பொருள்களாலும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன.

பெருமூளையின் முன்மடல் திட்டமிடவும் தன்னை அடக்கிக்கொள்ளவும் உதவுகிறது. அதன் பின்னால் உச்சிப் பகுதியில் உள்ள மடல் தொடு உணர்வையும் இட உணர்வையும் கவனிக்கிறது. காதுக்கருகே உள்ள மடல் கேள்விக்கும் நினைவுக்கும் உதவுகிறது. பிடரிப் பக்கத்து மடல் பார்வைக்குரியது. சிறுமூளை உடல் அசைவுகளைச் சீராக்குகிறது. மூளைத்தண்டு மூச்சையும் இதயத் துடிப்பையும் காக்கிறது. உள்ளே ஆழத்தில் இருக்கும் அமிக்டலா அச்சத்தோடும், ஹிப்போகாம்பஸ் புதிய நினைவுகளோடும் தொடர்புடையவை. மூளையில் 10 விழுக்காட்டை மட்டுமே மனிதன் பயன்படுத்துகிறான் என்பது வெறும் கட்டுக்கதை.

ஒரு மாணவன், ஐந்து பார்வைகள்

மூளையின் பகுதிகளை அறிந்தால் மட்டும் மனிதனை அறிந்துவிட முடியுமா? தேர்வு நாளன்று வயிறு வலிக்கிறது என்று பள்ளிக்குப் போக மறுக்கும் ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். 'நடிக்கிறான்' என்பது வீட்டின் தீர்ப்பு. உளவியலின் ஐந்து அணுகுமுறைகள் அவனை எப்படிப் பார்க்கும்?

வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு, அவனே அறியாத ஆழ்மன மோதல் ஏதும் உண்டா என்று தேடும். 1900ஆம் ஆண்டிட்டு வெளிவந்த அவருடைய கனவு பற்றிய நூல் பின்னாளில் பெரிதும் பேசப்பட்டது. அவர் சொன்ன பலவற்றைச் சோதித்து மெய்ப்பிக்க முடியவில்லை. ஆயினும் நோயாளியை அமர்ந்து பேசவிட்டுக் கேட்கும் பழக்கம் பரவ அவர் பெருங்காரணம்.

நடத்தைவாதம் அவன் எதைக் கற்றுக்கொண்டான் என்று பார்க்கும். முன்பு தேர்வில் அவமானம் நேர்ந்ததா? வீட்டில் தங்கியதும் அச்சம் தணிந்து, அந்த நிம்மதியே பரிசாகிவிட்டதா? நாய்களின் உமிழ்நீரைக் கொண்டு ரஷ்யாவின் பாவ்லோவ் செய்த சோதனைகள் இதற்கு அடித்தளம். 1913இல் ஜான் வாட்சன், கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மட்டுமே உளவியல் ஆராய வேண்டும் என்று அறிவித்தார். நடத்தையைப் பரிசு எப்படி வடிவமைக்கிறது என்பதை ஸ்கின்னர் விரிவாக ஆராய்ந்தார்.

ஆபிரகாம் மாஸ்லோ, கார்ல் ரோஜர்ஸ் ஆகியோரின் மனிதநேய அணுகுமுறை, மதிப்பெண் குறைந்தாலும் பெற்றோரின் அன்பு குறையாது என்ற உறுதி அவனுக்கு இருக்கிறதா என்று கேட்கும். 1950களிலும் 1960களிலும் வலுப்பெற்ற அறிதிறன் அணுகுமுறை, 'தோற்றால் எல்லாம் முடிந்தது' என்பது போன்ற எண்ணம் அவன் தலைக்குள் ஓடுகிறதா என்று ஆராயும். உயிரியல் அணுகுமுறை அவன் உறக்கத்தையும் உடல்நிலையையும் பரம்பரையையும் மூளையின் அச்ச இயக்கத்தையும் பார்க்கும். வயிற்றுவலி உண்மையாகவே இருக்கலாம். மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. ஐந்தில் எதுவும் தனியே முழு விடையாகாது. ஆனால் ஐந்துமே அவனை நடிகன் என்று சொல்வதற்கு முன் காரணம் கேட்கின்றன.

அறிவியல் தவறிய இடங்கள்

1920இல் வாட்சனும் அவருடைய உதவியாளர் ரோசலி ரெய்னரும், ஆல்பர்ட் என்று அவர்கள் பெயரிட்ட ஒரு கைக்குழந்தையைச் சோதித்தனர். வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் அதன் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். எலியைக் கண்டாலே குழந்தை அழத் தொடங்கியது. முயலைக் கண்டும் அஞ்சியது. அந்த அச்சத்தைப் போக்காமலேயே சோதனை முடிந்தது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி மறுபக்கத்தைக் காட்டினார். முயலுக்கு அஞ்சிய சிறுவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்து, முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து, அச்சத்தைப் போக்கினார். இன்றைய அச்ச நோய்ச் சிகிச்சையின் வேர் அங்கே இருக்கிறது.

பிரான்சில் ஆல்ஃபிரட் பினே 1905இல் சிமோனுடன் இணைந்து ஓர் அறிவுத்திறன் சோதனையை வகுத்தார். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதே அவர் நோக்கம். அறிவுத்திறன் பிறவியிலேயே முடிவாகிவிட்ட அளவு என்பதை அவர் மறுத்தார். ஆனால் அவருடைய சோதனை அமெரிக்காவுக்குப் போனதும், மந்த புத்திக்காரர் என்று மனிதர்களைப் பிரித்து ஒதுக்கவே அதைப் பலர் பயன்படுத்தினார்கள். உதவிக்கு வந்த கருவி முத்திரை குத்தும் கருவியாயிற்று.

1935இல் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ், முன்மூளையின் நரம்பு இணைப்புகளைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கினார். அதற்காக 1949இல் நோபல் பரிசும் பெற்றார். பல நாடுகளில் பல்லாயிரம் பேருக்கு அது செய்யப்பட்டது. அமைதியானவர்கள் பலர் உணர்ச்சியையும் ஊக்கத்தையும் இழந்தார்கள். 1950களில் மருந்துகள் வந்த பின்னரே அந்த அறுவை குறைந்தது.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் 1953இல் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, வலிப்பு நோயைக் குறைக்க மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு அவரால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் எத்தனை முறை வந்தாலும் அவருக்குப் புதியவரே. ஆயினும் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேறியது. பயின்றது அவருக்கு நினைவில்லை, கைக்குத் தெரிந்திருந்தது. நினைவு ஒன்றல்ல, பல வகை என்று உலகம் அறிந்தது அப்படித்தான். 2008இல் அவர் இறக்கும்வரை 'எச்.எம்.' என்ற இரண்டு எழுத்துகளாலேயே உலகம் அவரை அறிந்திருந்தது. இன்று ஆய்வுக்கு முன் ஒப்புதல் பெற வேண்டும், நெறிக்குழுவின் அனுமதி வேண்டும் என்ற விதிகள் இருக்கின்றன. இத்தகையவர்கள் கொடுத்த விலையை அவற்றின் பின்னால் காணலாம்.

இன்றைய கிளைகளும் நமது கடமையும்

இன்று உளவியல் பல கிளைகளாக விரிந்திருக்கிறது. மருத்துவ உளவியல் மனத் துன்பங்களைக் கண்டறிந்து சிகிச்சை தருகிறது. வளர்ச்சி உளவியல் பிறப்பு முதல் முதுமை வரையிலான மாற்றங்களைப் படிக்கிறது. கல்வி உளவியல் கற்றலையும், சமூக உளவியல் கூட்டத்தின் செல்வாக்கையும், தொழில் உளவியல் வேலையிடத்தையும் ஆராய்கின்றன. மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். மருந்து எழுதித் தருவார். உளவியலாளர் சோதனைகள் மூலமும் பேச்சுச் சிகிச்சை மூலமும் உதவுவார். ஆலோசகர் வாழ்க்கைச் சிக்கல்களில் வழிகாட்டுவார். மலேசியாவில் ஆலோசகர்கள் பதிவு பெற வேண்டும் என்பதற்கு 1998ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

சட்டமும் மாறி வருகிறது. காலனி ஆட்சிக் காலத்திலிருந்து, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குற்றவாளியாகவே கருதப்பட்டார். சிங்கப்பூர் 2020ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து அந்த நிலையை மாற்றியது. மலேசிய நாடாளுமன்றம் 2023இல் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நீக்கியது. இப்போது அவர் தண்டனைக்குரியவர் அல்லர்; உதவிக்குரியவர்.

ஏட்டில் மாறிய இது வீட்டிலும் மாற வேண்டும். 1911இல் மனநல மருத்துவமனை தொடங்கப்பட்ட பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தான், இன்றும் சிலர் வாயில் கேலிச்சொல்லாகவே இருக்கிறது. அந்தக் கேலிக்கு அஞ்சியே எத்தனையோ குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. மறைத்த நோய் முற்றுகிறது. பிள்ளையோ, துணைவரோ, முதியவரோ மாறி நடந்தால், பெயர் வைப்பதற்கு முன் காரணம் கேட்போம். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு உளவியல் நமக்குத் தந்திருக்கும் பாடம் அதுதான்.