பருத்திக் காட்டில் பிறந்த குக்கீ

வீட்டில் பீனட் பட்டர் குக்கீ செய்கிறவர்கள் ஒரு காரியம் தவறாமல் செய்வார்கள். மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, பீனட் பட்டர் எல்லாம் பிசைந்து உருட்டி, அவன்-க்குள் வைக்கும் முன் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக ஓர் அமுக்கு! அழகுக்கு மட்டுமல்ல. மாவு கெட்டி என்பதால், உருண்டையாகவே விட்டால் சீராக வேகாது. 1933-ல் பில்ஸ்பரி மாவு கம்பெனி வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே இந்த அமுக்கு உண்டு.

ஆனால், இந்தக் குக்கீயின் பூர்விகத்தைத் தேடிப் போனால், நாம் போய் நிற்பது ஒரு பாழாய்ப்போன பருத்திக் காட்டில்!

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தியே போட்டுப் போட்டு மண் சத்திழந்து கிடந்தது. 1865-ல் அடிமை முறை ஒழிந்தும், கறுப்பின விவசாயிகள் வாரம், கடன் என்று அதே நிலத்தில்தான் உழன்றார்கள். போதாக்குறைக்கு, 1892 வாக்கில் மெக்ஸிகோவிலிருந்து ஒரு கூன்வண்டு வந்து பருத்திக் காய்களைத் துளைத்து நாசம் செய்தது.

அலபாமாவின் டஸ்கீகி கல்லூரிக்கு 1896-ல் வந்து சேர்ந்தார் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமைத் தாய்க்குப் பிறந்து, விவசாய விஞ்ஞானியாக உயர்ந்த மனிதர். 'கடலை போடுங்கள்' என்று சொன்னார். கடலைச் செடியின் வேர் முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும்.

சரி, விளைந்த கடலையை என்ன செய்வதாம்? 1916-ல் கார்வர் ஒரு சிறு புத்தகம் போட்டார். கடலையைச் சமைக்க 105 வழிகள்! அதில் குக்கீக்கு மட்டுமே மூன்று. கையில் காசில்லாத குடும்பம், தன் காட்டில் விளைந்ததை வைத்தே சத்தாகச் சாப்பிட வேண்டும். அதுதான் அவருக்குக் கவலை.

பீனட் பட்டரையே கண்டுபிடித்தவர் அவர்தான் என்று பலர் சொல்வதுண்டு. தவறு! கனடாக்காரரான எட்சன், 1884-லேயே கடலை விழுதுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். கார்வரின் குக்கீகளில் விழுது கிடையாது. பொடித்த, நறுக்கிய கடலைதான். பீனட் பட்டர் குக்கீ பரவியது 1930-களில். இல்லாத பெருமையை ஏற்றிவிட்டு, உண்மையில் அவர் செய்ததை மறந்துவிடுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. அதே அலபாமாவில் என்டர்பிரைஸ் என்ற ஊர், பருத்தியை விட்டுக் கடலைக்கு மாறிச் செழித்தது. 1919-ல் நன்றியோடு ஊர் நடுவே நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.

கார்வருக்கா? இல்லை... பருத்தியைத் தின்று தீர்த்த கூன்வண்டுக்கு!